காத்திருக்கும் நேரத்துக்கு யார் கூலி தருவது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டெலிவரி வேலை செய்கிறவர்களின் கூலியைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். "ஸ்விக்கி, சொமாட்டோ பசங்களைப் பத்தித்தானே சார்?" என்று கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தம்பி ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார். அவர்களைப் பற்றியும்தான். ஆனால் அவர்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துப் பேசினால் விஷயத்தில் பாதி கைநழுவிவிடும். ஒரு பொருளை எடுத்துவந்து வீட்டு வாசலில் கொடுக்கிற வேலை நம் ஊருக்குப் புதியதில்லை. அந்த ஒரே வேலைக்கு இன்று எத்தனை விதமான கூலி இருக்கிறது என்று பார்த்தால்தான் இந்த இளைஞர்களின் நிலைமை விளங்கும்.

பகல் பதினொரு மணிக்கு மயிலாப்பூரிலோ அம்பத்தூரிலோ ஏதாவது ஒரு தெருவில் அரை மணி நேரம் நில்லுங்கள். தபால்காரர் வருவார். அவர் மத்திய அரசு ஊழியர். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் மூன்றாம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். 2025 ஜனவரி நிலவரப்படி 55 சதவீத அகவிலைப்படி, அதற்கு மேல் சென்னைக்கான வீட்டு வாடகைப்படி. கூட்டிப் பார்த்தால், வேலையில் சேர்ந்த புதிதிலேயே பிடித்தங்களுக்கு முன் சம்பளம் நாற்பதாயிரத்தைத் தொடும். விடுப்பு உண்டு, மருத்துவ வசதி உண்டு, ஓய்வுக்கால ஏற்பாடு உண்டு. காலொடிந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்தாலும் அடுப்பு அணையாது.

அவர் போன சற்று நேரத்தில் கூரியர்காரர் வருவார். பழைய பாணிக் கூரியர் கடை. மாதச் சம்பளம் என்று ஒன்று பேசியிருப்பார்கள். பெட்ரோலுக்கு ஏதோ கொடுப்பார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருந்தால் அவர் கொடுத்துவைத்தவர். அவருக்குப் பின்னால் முதுகைவிடப் பெரிய பையோடு ஆன்லைன் கடைகளின் பார்சல் தம்பி. அவரைக் கேட்டால் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வார். சம்பளம் தருவது அந்தக் கம்பெனி அல்ல, நடுவில் இருக்கும் வெண்டர். பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தால் அவர் மூன்று மாடி ஏறி இறங்கியதற்குக் காசில்லை. கடைசியாக, மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க, ஆப்பில் ஓடுகிறவர்கள். சாப்பாடு, மளிகை, மருந்து. இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, வெண்டரும் இல்லை. ஆர்டர் விழுந்தால் பணம், விழாவிட்டால் இல்லை.

நான்கு பேரும் ஏறியது அதே மாடிப்படி. வெயில் அதே வெயில். சொல்லப்போனால் நான்காமவருக்குத்தான் விபத்து ஆபத்து அதிகம், ஏனென்றால் அவருக்குத்தான் நிமிடக் கணக்கு. ஆனால் மாத வருமானத்தை அடுக்கிப் பார்த்தால் வரிசை நேர் எதிராக இருக்கிறது. படிப்பு காரணமா? இன்று பை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களில் பி.இ. முடித்தவர்களும் பி.காம். முடித்தவர்களும் உங்களுக்கே தெரிந்த குடும்பங்களில் இருப்பார்கள். திறமையும் காரணம் இல்லை. வேலைக்கு ஆகும் செலவும், வேலை வராமல் காத்திருக்கும் நேரமும் யார் தலையில் விழுகின்றன என்பதுதான் இவர்களைப் பிரிக்கிறது. தபால்காரர் விஷயத்தில் இரண்டையும் அரசு சுமக்கிறது. ஆப்பில் ஓடுகிறவர் இரண்டையும் தானே சுமக்கிறார். நடுவில் இருக்கும் இருவர் ஆளுக்குக் கொஞ்சம் சுமக்கிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான கணக்கு.

அரசைப் புகழ்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அஞ்சல் துறைக்குள்ளேயே இதே கதையின் கிராமத்துப் பதிப்பு ஒன்று பல்லாண்டுகளாக நடக்கிறது. கிராமிய டாக் சேவக் என்கிறோமே, அவர்களுக்கு நான்கு மணி நேர வேலை என்று கணக்கு வைத்து, தொடக்கத்தில் மாதம் 10,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தருகிறார்கள். அதுவும் 2018 மே, ஜூனில் இரண்டு வாரத்துக்கு மேல் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்த பிறகு கிடைத்த ஏற்றம். அவர்கள் முழு நேர ஊழியர் இல்லை, வேறு பிழைப்பும் உள்ளவர்கள் என்பதுதான் துறை காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப் கம்பெனிகளின் வாயிலும் இதே வாதம் வரப்போகிறது.

இப்போது அவர்கள் சொல்லும் கணக்குக்கு வருவோம். 2025 டிசம்பர் 25, 31 ஆகிய இரண்டு நாட்களிலும் நாட்டின் பல நகரங்களில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பண்டிகை நாளும் புத்தாண்டு இரவும் ஆர்டர் குவிகிற நாட்கள் என்பதால்தான் அந்தத் தேதிகள். அதையொட்டி சொமாட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் சில எண்களைப் பொதுவெளியில் வைத்தார். ஒரு டெலிவரித் தொழிலாளி ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 102 ரூபாய் சம்பாதிக்கிறார், முந்தைய ஆண்டு அது 92. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் சுமார் 26,500 ரூபாய். பெட்ரோலுக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் 20 சதவீதம் போனால் கையில் 21,000.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. எண்களை வெளியே வைத்ததற்கு நன்றிகூடச் சொல்லலாம், மற்ற பல கம்பெனிகள் அதையும் செய்வதில்லை. ஆனால் அவர் வைத்த கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பத்து மணி நேரம் ஓடுகிறவர் நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள். ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் நல்ல வண்டி. 2025 இறுதியில் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய். ஒரு நாளைக்கு 224 ரூபாய் பெட்ரோல். 26 நாளைக்கு 5,800 ரூபாயைத் தாண்டுகிறது. 26,500-ல் இருபது சதவீதம் எவ்வளவு? 5,300. கோயல் ஒதுக்கிய தொகை பெட்ரோல் பங்கிலேயே தீர்ந்துவிட்டது. ஆயில் மாற்ற, டயர் மாற்ற, செயின் மாற்ற, பிரேக் கட்டை மாற்றக் காசு எங்கே? போன் ரீசார்ஜ், மழைக் கோட்டு, வழியில் குடிக்கிற டீ எல்லாம் அப்புறம்.

வண்டி? அது அந்தக் கணக்கிலேயே இல்லை. சென்னையில் யாரும் இ.எம்.ஐ. என்று சொல்வதில்லை, டியூ என்பார்கள். "வண்டி டியூ" என்று ஒரு தேதி ஒவ்வொரு மாதமும் வரும். மாதம் 3,500 ரூபாய், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு 31,000 கிலோமீட்டர். மூன்று வருடத்தில் 93,000. வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருகிறவர் பத்து வருடத்தில் ஓட்டாத தூரம் அது. ஆக, டியூ முடிகிற மாதத்தில் வண்டியும் முடிந்துவிடுகிறது. வேறு எந்தத் தொழிலிலும் முதலாளி இதைத் தேய்மானம் என்று எழுதி லாபத்திலிருந்து கழிப்பார். இங்கே அது தொழிலாளியின் கூலியிலிருந்து சத்தமில்லாமல் கழிகிறது. இவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையும் தள்ளினால் கையில் நிற்பது பதினாறு, பதினேழாயிரம். அதுவும் கம்பெனி சொல்லும் சராசரியை அப்படியே ஒப்புக்கொண்டு, 260 மணி நேரம் சாலையில் நின்றால். தபால்காரரின் மாதத்தில் அவ்வளவு மணி நேரம் கிடையாது.

என் கணக்கை நம்ப வேண்டாம் என்பவர்களுக்கு வேறு கணக்கும் உண்டு. என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு மன்றம் 28 நகரங்களில் உணவு டெலிவரித் தொழிலாளர்களிடம் விசாரித்து 2023-ல் ஓர் அறிக்கை தந்தது. நீண்ட ஷிப்ட் ஓடுகிறவர்களின் வருமானத்தை, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தார்கள். 2019-ல் 13,470 ரூபாயாக இருந்தது 2022-ல் 11,963 ஆகியிருந்தது. 11 சதவீதம் சரிவு. அதே காலத்தில்தான் பெட்ரோல் நூறைத் தாண்டியது. 2022 மே மாதம் தொடங்கி கிட்டத்தட்ட இரண்டு வருடம் சென்னையில் லிட்டர் 102 ரூபாய் 63 காசு என்று அசையாமல் நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2024-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள், டெலிவரித் தொழிலாளர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், டெலிவரிக்காரர்களில் மூன்றில் ஒருவர் மாதம் பத்தாயிரத்துக்கும் குறைவாகவே சம்பாதிப்பதாகச் சொன்னார். நான்கில் மூன்று பேருக்கு மேல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை.

கம்பெனி சொல்லும் சராசரிக்கும் சாலையில் கேட்கும் எண்ணுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி? சராசரி என்ற ஒன்றே இந்தத் தொழிலில் யாருக்கும் வருவதில்லை. தி. நகரில் லாகின் செய்தவருக்கும் தாம்பரத்துக்கு அப்பால் லாகின் செய்தவருக்கும் ஒரே ஆப், ஒரே பை, வேறு வேறு வருமானம். மழை நாளுக்கு ஒரு ரேட், சாதா நாளுக்கு ஒரு ரேட். ஒரே ஓட்டலிலிருந்து இரண்டு ஆர்டரைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவதற்குக் குறைந்த ரேட். நீண்ட நேரம் ஓடுகிறவருக்கு ஒரு தட்டு, மாலையில் மட்டும் ஓடும் கல்லூரிப் பையனுக்கு வேறு தட்டு. இதற்கெல்லாம் மேல் இன்சென்டிவ். இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் தொகை மொத்தமும் போச்சு. "கோட்டுக்கிட்ட வந்ததும் ஆர்டர் விழறது நின்னுடும் சார்" என்று சொல்லாத டெலிவரித் தம்பியை நான் பார்த்ததில்லை. கம்பெனிகள் அதை மறுக்கின்றன. உண்மை எது என்று சரிபார்க்க வழியில்லை, ஏனென்றால் ஆர்டரைப் பிரிக்கும் கணக்கு அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: தன் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாமல் வேலை செய்கிறவர்கள் இங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

ரேட் கார்டு மாறும் விதமும் அப்படித்தான். 2020 ஆகஸ்டில், கொரோனா நடுவில், சென்னையில் ஸ்விக்கி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்டருக்கு 35 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகை 15 ஆகிவிட்டது என்பது புகார். 15 என்பது மொத்தத்தில் ஒரு பகுதி மட்டுமே, மற்ற படிகளைச் சேர்த்தால் அதிகம் வரும் என்றது நிறுவனம். 2023 ஏப்ரலில் டெல்லிப் பக்கம் பிளிங்கிட் என்ற மளிகை ஆப்பில் அதே கதை. ஒரு காலத்தில் 50 ரூபாய், பிறகு 25, பிறகு 15. அங்கேயும் வேலைநிறுத்தம். இரண்டு இடத்திலும் கூலிக் குறைப்பு அறிவிப்பாக வந்ததே தவிர பேச்சுவார்த்தையாக வரவில்லை. ஒரு மில்லில் அடிப்படைக் கூலியைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நோட்டீஸ், தொழிற்சங்கம், தொழிலாளர் துறை, சமரச அதிகாரி என்று எவ்வளவு படி ஏற வேண்டும்! இங்கே ஆப்பை அப்டேட் செய்தால் போதும்.

வருமானம் இப்படி ஏறி இறங்கும்போது கடன் எப்படி நுழைகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. செலவெல்லாம் மாதத் தேதியில் வருகிறது: வாடகை, டியூ, பள்ளிக் கட்டணம். வரவு மட்டும் நாள் கணக்கில் ஆடுகிறது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் டியூ தப்பும். டியூ தப்பினால் பைன். வங்கி இவருக்குக் கடன் தராது, காட்டுவதற்குச் சம்பளச் சீட்டு இல்லை. ஆகவே போனிலேயே இருக்கிற கடன் ஆப், அல்லது தெருவில் தண்டல்காரர். தண்டலுக்கு ஒரு குணம் உண்டு. தினசரி வசூல். தினசரிக் காசு பார்க்கிறவர்களுக்கென்றே பிறந்த கடன் அது. பழக்கடைக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் கொடுத்துவந்தவர் இப்போது டெலிவரித் தம்பிக்கும் கொடுக்கிறார். அவசரமென்றால் அக்காவின் செயின் அடகுக்கடைக்குப் போகும். வண்டி வாங்க முடியாதவர்கள் மின்வண்டியை வார வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்கள். அப்போது வாரத்தின் முதல் சில நாள் ஓட்டம் வாடகைக்கே. ஓடாத நாளுக்கும் வாடகை உண்டு.

இதற்கு நடுவில் ஐடி பிளாக். வாடிக்கையாளர் ஒருவர் கோபத்தில் புகார் அனுப்பினால் விசாரணை முடியும் வரை ஆப் திறக்காது. சிலருக்கு முடிவே தெரியாது. வேலை போனது என்று சொல்ல எதிரில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார். அடுக்குமாடிகளில் லிப்டில் ஏறக் கூடாது என்று போர்டு வைப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை, நாம் பொறுப்பு. அதை இன்று மாலையே நீங்கள் உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் சரிசெய்துவிடலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நான் தொழிலாளர் சட்டம் கற்றுக்கொடுத்தவன், இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிகளின் வாதம் மூன்று. இவர்கள் விரும்பிய நேரத்துக்கு வரலாம், போகலாம். போட்டிக் கம்பெனிக்கும் ஓடலாம். வேலைக்கு ஏற்பக் கூலி, மாதச் சம்பளம் இல்லை. ஆகவே இவர்கள் ஊழியர்கள் அல்லர், தனித் தொழில் செய்கிறவர்கள். கேட்க மிகப் புதிய, தொழில்நுட்பக் காலத்து வாதம் போலத் தோன்றும். ஆனால் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டுவிட்டது. அப்போது ஆப் இல்லை, தையற்கடை இருந்தது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு என்று பெயர். அந்தக் கடையின் தையற்காரர்கள் துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை இருந்தால் வருவார்கள், முடிந்தால் போவார்கள். சிலசமயம் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைப்பார்கள். வேறு கடைக்கும் தைக்கலாம். கடைக்காரர் சொன்னார்: இவர்கள் என் ஆட்கள் அல்லர். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. தைத்தது சரியில்லை என்று திருப்பித் தரவும், பிரித்துத் தை என்று சொல்லவும் கடைக்காரருக்கு அதிகாரம் இருக்கிறது, தையல் மிஷினும் அவருடையது, ஆகவே இவர்கள் ஊழியர்களே என்றது.

உடனே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்: "அங்கே மிஷின் கடைக்காரருடையது. இங்கே வண்டி தொழிலாளியுடையது." நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் தொழிலில் மிஷின் எது? வண்டி மட்டும் இருந்தால் ஒரு டெலிவரித் தம்பியால் நாளைக்கு ஒரு பிரியாணிப் பொட்டலத்தையாவது கொண்டுபோய்க் காசு பார்க்க முடியுமா? ஆப் இல்லாமல் வேலை இல்லை. ஆப் கம்பெனியுடையது. விலை வைப்பது, ஆளைப் பிரிப்பது, நேரத்தை அளப்பது, ஸ்டார் கொடுக்க வைப்பது, கதவைச் சாத்துவது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. இந்தக் கேள்வியைத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது.

நீதிமன்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். பீஸ் ரேட் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வைப்பது எப்படி என்று இந்த நாட்டுக்குத் தெரியாதா? 1948-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே வழி இருந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்ச விகிதம். அது போதாதபோது, உருப்படிக் கணக்கில் வேலை செய்கிறவருக்கும் நேரக் கணக்கில் இவ்வளவாவது வந்தாக வேண்டும் என்று ஓர் உத்தரவாத விகிதம். நெல்லைப் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கிறோம். அவர்களும் வீட்டில் உட்கார்ந்து, நினைத்த நேரத்துக்கு, நடுவில் ஒரு காண்டிராக்டர் வழியாக வேலை செய்கிறவர்கள்தான். அந்தக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு சண்டை. கூலி நிர்ணயம் சாத்தியமே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

அது உட்பட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. டெலிவரித் தொழிலாளர்களைச் சட்டம் முதன்முறையாகப் பெயர் சொல்லி அங்கீகரித்துவிட்டது என்று விளம்பரம் வந்தது. உண்மைதான், ஆனால் எந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. ஊதியத் தொகுப்பில் இல்லை. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதத்துக்கு மிகாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். விபத்து, முதுமை, மகப்பேறு ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவி. இன்றைய ஆர்டருக்கு எவ்வளவு என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. அந்த உதவிக்கும் ஆண்டில் குறைந்தது 90 நாள் ஒரு கம்பெனிக்கு வேலை செய்திருக்க வேண்டும் என்று 2025 இறுதியில் வெளியான வரைவு விதிகள் கூறின. சொமாட்டோவில் ஒருவர் ஓடுவது ஆண்டுக்குச் சராசரியாக 38 நாள் என்று அதே கோயல் சொல்லியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பெரும்பாலோர் வாசற்படியிலேயே நின்றுவிடுவார்கள்.

தமிழ்நாட்டைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தபடி, 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைந்தது. கட்டுமானத் தொழிலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வாரியம் கண்ட மாநிலத்துக்கு அது இயல்பான அடுத்த படி. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அண்ணா நகரில் மாநகராட்சி குளிர்சாதன ஓய்வறை திறந்தது. கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கேள்வியாலேயே இந்த வேலைக்கு வராமல் நிற்கும் பெண்களை நினைத்தால், அந்த ஓய்வறையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்னும் நூறு திறக்கட்டும்.

ஆனால் நலவாரியம் என்பது வாழ்க்கையின் ஓரங்களில் நிற்கும் ஏற்பாடு. பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளை படிப்புக்கு, சாவுக்கு உதவி செய்யும். நடுவில் இருக்கும் வேலை நாட்களுக்கு அதனிடம் பதில் இல்லை. கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் ஒன்று முதல் ஐந்து சதவீதம் நலக் கட்டணம். ஒப்பந்தத்தை மாற்றவோ வேலையை விட்டு நீக்கவோ 14 நாள் முன்னறிவிப்பு. அதாவது ராத்திரியோடு ராத்திரியாக ரேட் கார்டை மாற்றுவதற்கு அங்கே ஒரு தடுப்பு விழுந்திருக்கிறது. ஆனால் அங்கும் மணிக்கு இவ்வளவு என்ற உத்தரவாதம் இல்லை.

அந்த உத்தரவாதத்தைக் கொடுத்த ஊர் நியூயார்க். 2023 டிசம்பரில் அந்த மாநகர நிர்வாகம் ஆப் வழி உணவு டெலிவரிக்கு மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்சக் கூலி வைத்தது. 2025 ஏப்ரலில் அது 21.44 டாலர். அந்த விகிதத்துக்குள் வண்டிச் செலவையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், ஆர்டரோடு ஓடும் நேரம் மட்டுமல்லாமல் லாகின் செய்துவிட்டுக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வருகிறது. கம்பெனிகள் சும்மா இருந்தனவா? ஆர்டர் குறைந்த நேரத்தில் ஆட்களை லாகின் செய்யவிடாமல் பூட்டின. டிப்ஸ் கேட்கும் இடத்தைப் பணம் கட்டிய பிறகு வருமாறு தள்ளிவைத்தன. வாடிக்கையாளரிடம் கட்டணத்தை ஏற்றின. இதெல்லாம் நடந்தது. நம் ஊரிலும் நடக்கும். அதற்காகக் கூலி நிர்ணயம் வேண்டாம் என்றால், தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது மில் முதலாளிகள் செய்த தந்திரங்களுக்காக எட்டு மணி நேர வேலையையும் நாம் கைவிட்டிருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்பதைச் சிலர் சோம்பேறிக்குக் காசு கொடுப்பதாக நினைக்கிறார்கள். ஓட்டல் வாசலில் பத்துப் பேர் தயாராக நிற்பதால்தான் உங்கள் தோசை ஆறாமல் வருகிறது. அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரின் நேரத்தைக் கம்பெனி இலவசமாக எடுத்துக்கொள்கிறது. நேரம் இலவசம் என்பதால், தேவைக்கு மேல் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆள் கூடக் கூட ஒருவருக்கு விழும் ஆர்டர் குறைகிறது, கம்பெனிக்கோ நஷ்டமே இல்லை. நேரத்துக்குக் காசு தர வேண்டும் என்று வந்துவிட்டால் அளவோடு ஆள் சேர்ப்பார்கள். "பத்து நிமிடத்தில் டெலிவரி" என்ற விளம்பரத்தை 2026 ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சரின் தலையீட்டுக்குப் பின் பிளிங்கிட் கைவிட்டது. விளம்பரப் பலகையிலிருந்து எழுத்தை எடுப்பது எளிது. சட்டென்று ஓடத் தயாராக வாசலில் ஆளை நிறுத்தி வைக்கும் முறைக்கு விலை வைப்பதுதான் கடினம்.

அரசிடம் கணக்கு இல்லை, அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆப் வழி நடக்கும் உள்ளூர் டெலிவரிக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்தக் கட்டணத்தின் கணக்கை வரிக்காக அரசிடம் காட்டியாக வேண்டும். லாகின் எத்தனை மணிக்கு, லாக் அவுட் எத்தனை மணிக்கு, நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் கம்பெனியின் சர்வரில் நொடி சுத்தமாக இருக்கிறது. பீடி சுற்றும் அம்மாவின் வேலை நேரத்தை அளக்கத்தான் கஷ்டம். இவர்களுடையதை அளக்க ஒரு கஷ்டமும் இல்லை. இந்தியாவில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்படும் வேலை நாள் வேறு யாருக்கும் கிடையாது.

இந்தத் தொழில் சுருங்கப்போவதும் இல்லை. நிதி ஆயோக் கணக்குப்படி 2020-21-ல் கிக் தொழிலாளர்கள், அதாவது இப்படி வேலைக்கு வேலை கூலி வாங்குகிறவர்கள், 77 லட்சம் பேர். 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்பது அதன் மதிப்பீடு. இன்று தபால்காரருக்கும் ஆப்பில் ஓடுகிறவருக்கும் உள்ள இடைவெளியை இப்படியே விட்டால், நாளைக்குப் பெரும்பாலான டெலிவரி வேலை கீழ்த்தட்டுக் கூலிக்குத்தான் நடக்கும். கூரியர் கடைக்காரரும் வெண்டரும் தங்கள் ஆட்களை ஏன் சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த அவையில் தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி நண்பர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இதுதான். நலவாரியத்தில் பெயர் பதியாத டெலிவரித் தொழிலாளர்களை உங்கள் தெருவிலேயே தேடிப் பிடித்துப் பதிய வையுங்கள். அதோடு நின்றுவிடாமல், லாகின் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலியை, வண்டிச் செலவைத் தனியே சேர்த்து, தமிழ்நாடு அரசு சட்டமாக்க வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.